ரெண்டு கதைய ஒப்பிடுறதுன்னா என்ன பண்ணணும்? அகலிகைய வச்சு ஒரு சின்ன பாடம்

என் அக்கா பொண்ணு பி.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷம். போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, "சித்தி, அசைன்மென்ட் முடிச்சுட்டேன், ஒரு தடவ பாத்துட்டு சொல்லேன்"னு நாலு பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினா. தலைப்பு, கம்பனும் புதுமைப்பித்தனும் காட்டும் அகலிகை, ஒப்பிடுக. அகலிகைன்னா, இந்திரன் புருஷன் வேஷத்துல வந்ததுக்காக, புருஷன் கௌதம முனிவர் சாபத்துல கல்லாகி, ராமன் கால் தூசி பட்டு எழுந்தவ. படிச்சா மொத ரெண்டு பக்கம் கம்பன்ல என்ன நடக்குதுங்குற கதை, அடுத்த ரெண்டு பக்கம் புதுமைப்பித்தன்ல என்ன நடக்குதுங்குற கதை, நடுவுல பாலம் மாதிரி "இதேபோல"ன்னு ஒரே ஒரு வார்த்தை. கடைசி வரில "இருவரும் தத்தம் நோக்கில் சிறப்பாகப் படைத்துள்ளனர்".

சிரிப்பு வரல, ஏன்னா நானும் காலேஜ்ல இதையேதான் பண்ணினேன், இருபதுக்கு ஏழு மார்க் வாங்கினேன், ஏன் ஏழுன்னு அப்ப யாரும் சொல்லவும் இல்ல. "ஒப்பிடுக"ன்னு கேள்வி கேக்கத்தான் எல்லாருக்கும் தெரியுது, ஒப்பிடுறதுன்னா கைய எங்க வைக்கணும், எதுல ஆரம்பிக்கணும்னு யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல. அதுக்குத்தான் இது. படிக்கிற பசங்களுக்கும் சரி, வீட்ல அவங்களுக்கு சொல்லிக்குடுக்க உக்கார்றவங்களுக்கும் சரி.

நம்ம தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா அறிவியல் புக்குல. ஸ்கூல்ல மொதமொதல்ல "வேறுபடுத்துக"ன்னு படிச்சது தாவர செல், விலங்கு செல். நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் செல் சுவர் உண்டு, அந்தப் பக்கம் செல் சுவர் இல்ல, அஞ்சு பாயின்ட் எழுதினா அஞ்சு மார்க். செல்லுக்கு அது சரிதான். ஆனா அதே பழக்கத்துல கதைக்கும் ஒற்றுமை அஞ்சு, வேற்றுமை அஞ்சுன்னு அடுக்கினா, ரெண்டு கதைலயும் ராமன் வர்றான், ரெண்டு கதைலயும் கல் வருது, ஒண்ணு பாட்டு ஒண்ணு உரைநடைன்னு எழுதிட்டு நிக்கணும். எல்லாம் உண்மைதான், ஆனா ஒண்ணும் தெரிஞ்சுக்கல.

இத எப்படி அவளுக்குப் புரியவைக்கன்னு யோசிச்சு, எங்க வீட்டு கதை ஒண்ண எடுத்தேன். ஒரு கல்யாணத்துல பந்தில நடந்த சண்டைய அத்தை ஒரு மாதிரி சொல்லுவாங்க, சித்தப்பா ஒரு மாதிரி சொல்லுவாரு. அத்தை ஆரம்பிக்கிறது "எனக்கு மட்டும் பாயாசம் வைக்காம போனான்"ல இருந்து. சித்தப்பா ஆரம்பிக்கிறது அதுக்கு மூணு வருஷம் முன்னாடி நடந்த நிலத் தகராறுல இருந்து. சண்ட ஒண்ணுதான். ஆனா எங்க ஆரம்பிக்கிறாங்க, எத விட்டுட்டாங்க, எந்த இடத்துல குரல் ஏறுது, இத மட்டும் கவனிச்சா அத்தை யாரு, சித்தப்பா யாரு, யாருக்கு எது வலிக்குதுன்னு தெரிஞ்சிடும். இத நாம எல்லாரும் தினமும் செய்றோம், பரீட்சை பேப்பர்ல மட்டும் மறந்துடறோம்.

ஆக ஒப்பீடுன்னா ரெண்டு கதையையும் முழுசா சொல்றது இல்ல. ரெண்டுலயும் வர்ற ஒரே ஒரு கணத்தப் புடிச்சு, அத பக்கத்துல பக்கத்துல வச்சு, இங்க இப்படி இருக்கு அங்க அப்படி இருக்கு, சரி, அதனால என்ன ஆச்சுன்னு கேக்குறது. அந்த "அதனால என்ன"தான் மார்க், மத்ததெல்லாம் அதுக்கு ஏற்பாடு.

ஆனா அதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் தனியா ஒழுங்கா படிக்கணும். நோட்ஸ்ல இருக்குற கதைச் சுருக்கத்த இல்ல, மூலத்த. கம்பன் பாலகாண்டத்துல அகலிகைப் படலம் ரொம்ப நீளமெல்லாம் இல்ல, உரையோட உக்காந்தா ஒரு சாயங்காலம். அதுலயே மாட்டிக்கிற மாதிரி ஒரு இடம் இருக்கு. இந்திரன் கௌதமன் வேஷத்துல உள்ள வந்துட்டான், அப்ப கம்பன் சொல்றாரு, "உணர்ந்தனள், உணர்ந்த பின்னும், 'தக்கது அன்று' என்ன ஓராள்". அதாவது வந்தவன் புருஷன் இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுச்சு, தெரிஞ்ச பிறகும் இது தகாதுன்னு அவ நினைக்கல. சரி, அப்ப தப்பு அவ மேலயும் இருக்குன்னு வச்சுக்கிட்டா, கொஞ்சம் பாட்டு தள்ளி விசுவாமித்திரர் கௌதமன்கிட்ட என்ன சொல்றாரு? "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக". மனசால தப்பு பண்ணாதவ, ஏத்துக்கோன்னு.

ரெண்டும் ஒரே கவிஞர், ஒரே படலம். எது உண்மை? இதுக்கு உரைகாரங்க ஆளுக்கு ஒரு சமாதானம் சொல்லுவாங்க, அது இருக்கட்டும். எனக்குத் தோணுறது, மொத வரிய சொல்றது கதை சொல்ற கம்பன், ரெண்டாவது வரிய சொல்றது கதைக்குள்ள இருக்குற ஒரு ஆள், அதுவும் ஒரு குடும்பத்த சேத்து வைக்கணும்னு நிக்கிற ஆள். யார் வாய்ல இருந்து வர்ற வார்த்தைங்குறத பாக்காம "கம்பர் கூறுகிறார்"னு எழுதிட்டுப் போறதுதான் பசங்க பண்ற பெரிய தப்பு. இந்த மாதிரி ஒரு முள்ளு குத்துற இடம் கிடைச்சா தாண்டிப் போகாதீங்க, ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வைங்க, பின்னாடி ஒப்பிடும்போது அதுதான் உதவும்.

புதுமைப்பித்தனோட 'சாப விமோசனம்' 1943ல கலைமகள்ல வந்த சிறுகதை. கதைக்கு முன்னாடியே, ராமாயணம் தெரிஞ்சவங்களுக்கு இது பிடிபடாம, ஏன் பிடிக்காமகூட போகலாம், அதப்பத்தி எனக்குக் கவலையில்லங்குற மாதிரி ஒரு குறிப்பு போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாரு. அந்த ஆளுக்கு அந்த தெனாவட்டு உண்டு. கம்பன்ல சாபம் தீந்ததும் அகலிகை கதை முடிஞ்சுடுது, ராமன் மிதிலைக்குப் போயிடுவான். இவரு சாபம் தீர்ற இடத்துலதான் கதைய ஆரம்பிக்கிறாரு. கல்லா கிடந்தவ எழுந்துட்டா, புருஷனும் புத்துல இருந்து எழுந்து வந்துட்டான், சரி, நாளைக்கு காலைல ரெண்டு பேரும் ஒரே வீட்ல எப்படி பேசிக்குவாங்க? அத யாரும் கேக்கல, இவரு கேக்குறாரு. பாருங்க, "எங்க ஆரம்பிக்கிறாங்க"ங்குற அத்தை சித்தப்பா கேள்வி இங்கேயே வேல செய்யுது.

இப்ப கணத்தப் புடிக்கணும். எந்தக் கணம்? இத நான் சொல்லல, அவளேதான் கண்டுபுடிச்சா. ரெண்டையும் மறுபடி படிக்கச் சொல்லி விட்டேன், மறுநாள் மெசேஜ், "சித்தி, இதுல அவ விழறா, அதுல அவன் விழறான்". எனக்கு ஒரு நிமிஷம் புரியல. பிறகு கம்பன எடுத்துப் பாத்தா, ஆமா. ராமன் அகலிகைகிட்ட "படர் உறாதே, போது நீ, அன்னை"ன்னு சொல்றான், கவலப்படாத, போம்மான்னு. அவ "பொன் அடி வணங்கிப் போனாள்". அவ அவன் கால்ல விழறா. புதுமைப்பித்தன்ல ராமன் "அம்மா"ன்னு சொல்லி அவ கால்ல விழறான். அம்மாங்குற சொல் ரெண்டுலயும் இருக்கு, ஆனா யார் குனியறாங்கங்குறது தலைகீழ். இதுக்கு வால்மீகில என்னன்னு தேடினோம், அங்க ராமனும் லட்சுமணனும் அகலிகையோட பாதத்த தொடுறாங்க.

இங்கதான் பாதி பேர் நின்னுடுவாங்க. "கம்பரில் அகலிகை வணங்குகிறாள், புதுமைப்பித்தனில் இராமன் வணங்குகிறான்"னு ஒரு வேற்றுமை எழுதி டிக் அடிச்சுட்டு அடுத்த பாயின்ட். வேணாம், அங்கேயே உக்காருங்க. அதனால என்ன?

கம்பன்ல அந்தப் படலம் முழுக்க கால்தான். கல்லு பொண்ணானது அந்தக் கால் தூசி பட்டு. விசுவாமித்திரர் அசந்துபோய் பாடுற பாட்டு எல்லாருக்கும் தெரியும், "கை வண்ணம் அங்குக் கண்டேன், கால் வண்ணம் இங்குக் கண்டேன்". தாடகை மேல அம்பு விட்டப்ப கையோட திறமைய பாத்தேன், இப்ப காலோட திறமைய பாக்குறேன்னு. அது கடவுளோட கால். அந்தக் கால்ல அவ விழாம போனாதான் அங்க ஆச்சரியம், அந்த உலகத்துல விழறதுதான் இயல்பு. புதுமைப்பித்தன்லயும் தூசிதான், ஆனா அது எப்படி வருது? ராமனும் லட்சுமணனும் சின்னப் பசங்களா ஓடிப்புடிச்சு விளையாடிட்டு வர்றாங்க, ஓடுற வேகத்துல கிளம்புற புழுதி போய் சிலை மேல படியுது. அவ்ளோதான். அருள் இல்ல, திட்டம் இல்ல, தெருவுல பசங்க ஓடினா கிளம்புற புழுதி. காலோட மகிமைய எடுத்துட்டாரு. அப்ப அவ எதுக்குக் கால்ல விழணும்? நடந்தத கேட்டு, அவ மனசறியாம நடந்ததுக்கா இவ்ளோ பெரிய தண்டனன்னு பதறுறது அந்தப் பையன்தான், விழறதும் அவன்தான்.

ஆக கம்பன்ல அந்த வணக்கம் நன்றி. புதுமைப்பித்தன்ல அந்த வணக்கம் மன்னிப்பு மாதிரி, ஊர் உலகம் பண்ணின அநியாயத்துக்கு ஒரு குழந்தை கேக்குற மன்னிப்பு.

இதோட முடியல. இந்தப் பையன் பின்னாடி என்ன பண்ணப்போறாங்குறதுதான் அந்தக் கதையோட கத்தி. வனவாசம் முடிஞ்சு ராமனும் சீதையும் அகலிகை குடிசைக்கு வர்றாங்க. ஆம்பளைங்க வெளிய பேசிட்டிருக்க, உள்ள சீதை இலங்கைல நடந்ததயெல்லாம் சொல்லிட்டு வந்து, தீக்குளிச்ச கதைய சாதாரணமா சொல்றா. அகலிகை துடிச்சுப்போய் கேக்குறா, "அவர் கேட்டாரா?" சீதை சொல்றா, "அவர் கேட்டார், நான் செய்தேன்". உடனே அகலிகை கத்துறா, "அவன் கேட்டானா?"

இந்த ரெண்டு கேள்விக்கும் என்ன வித்தியாசம்? ஒரு எழுத்து. அவ"ர்" அவ"ன்" ஆயிடுச்சு, கூடவே "கேட்டாரா" "கேட்டானா" ஆயிடுச்சு. இத வேற மொழில கொண்டுபோனா இந்த இடம் செத்துடும்னு நினைக்கிறேன், ஏன்னா தமிழ்ல ஒரு பொம்பள ஒரு ராஜாவ, தனக்கு உயிர் குடுத்தவன, ஒரு நொடியில மரியாதையில இருந்து கீழ இறக்கிட்டாங்குறத ஒரே ஒரு விகுதி சொல்லிடுது. நாம வீட்ல சண்ட போடும்போது "வாங்க போங்க" எப்ப "வாடா போடா" ஆகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. இலக்கியத்த ஆராயுறதுன்னா பெரிய பெரிய கோட்பாட்டு பேரச் சொல்றதுன்னு பயப்படுற பசங்களுக்கு நான் இந்த ஒரு இடத்தத்தான் காட்டுவேன். ஒரு "ர்" ஒரு "ன்". அத கவனிச்சு, ஏன்னு கேட்டா அது ஆராய்ச்சி.

இப்ப பழைய வணக்கத்துக்குத் திரும்புங்க. சின்ன வயசுல நெஞ்சறியாம நடந்ததுக்குத் தண்டனையான்னு கேட்டு கால்ல விழுந்தவன், பெரியவனாகி ராஜாவாகப் போறப்ப தன் பொண்டாட்டிகிட்ட அத்தாட்சி கேக்குறான். மொதல்ல அவன அவ்ளோ உயரத்துல தூக்கி வச்சதே இந்த விழுகைக்காகத்தான். கம்பன்லயும் சீதை தீக்குளிக்கிறா, ஆனா அகலிகை கதைக்கும் அதுக்கும் நடுவுல நாலு காண்டத் தூரம், அகலிகை காதுக்கு அந்த சேதி போகவே போகாது. புதுமைப்பித்தன் பண்ணின வேலை ரெண்டு பொம்பளைங்கள ஒரே குடிசைல உக்கார வச்சு பேச விட்டதுதான்.

கடைசில அகலிகை மறுபடி கல்லாயிடுறா. "மனச்சுமை மடிந்தது"ன்னு அவரு எழுதுறாரு. கம்பன்ல கல்லுங்குறது தண்டனை, அதுல இருந்து வெளிய வர்றது விடுதலை. இங்க உயிரோட இருக்குறது தண்டனையாயிடுச்சு, கல்லாகுறது விடுதலையாயிடுச்சு. இப்ப தலைப்ப திரும்பிப் பாருங்க, சாப விமோசனம். எது விமோசனம், கதையோட மொத பக்கத்துல நடந்ததா, கடைசி பக்கத்துல நடந்ததா? அந்தப் பொண்ணு இந்த இடத்துல போன்ல "அய்யோ சித்தி"ன்னா. அந்த "அய்யோ"வ பேப்பர்ல எழுது, அவ்ளோதான்னேன்.

எழுதுறது எப்படின்னு கேட்டா, கம்பனுக்கு ரெண்டு பக்கம் புதுமைப்பித்தனுக்கு ரெண்டு பக்கம்னு பாகம் பிரிக்காதீங்க. ஒவ்வொரு பத்தியிலயும் ரெண்டு பேரும் இருக்கணும். ஒரு கணம், அதுக்கு இவர் வார்த்தை, அவர் வார்த்தை, அதனால என்ன. அவ்ளோதான் பத்தி. அவ கடைசியா எழுதினதுல ஒரு பத்திய அவகிட்ட கேட்டுட்டு இங்க போடுறேன்:

"கம்பரில் அகலிகை இராமனின் 'பொன் அடி வணங்கிப்' போகிறாள், புதுமைப்பித்தனில் இராமன் அவள் காலில் விழுகிறான். கம்பரின் காட்சியில் உயிர் தந்தது இறைவனின் பாதம் என்பதால் வணக்கம் நன்றியாகிறது. புதுமைப்பித்தனோ அப்பாதத்தின் அற்புதத்தைக் குழந்தைகள் ஓடுவதால் எழும் புழுதியாக்கிவிடுகிறார்; அதனால் வணக்கம் குற்றவுணர்வாக மாறுகிறது. பின்னர் அதே இராமன் சீதையிடம் நிரூபணம் கேட்கும்போது, அந்தக் குற்றவுணர்வு நிலைக்கவில்லை என்பதை அகலிகையோடு சேர்ந்து நாமும் அறிகிறோம்."

நாலே வாக்கியம். பழைய நாலு பக்கத்துல இல்லாதது இதுல இருக்கு. "குற்றவுணர்வு"ங்குற சொல் சரியா, "இரக்கம்"னு போடணுமான்னு எங்களுக்குள்ள சண்ட, அவ விட்டுக்குடுக்கல. நல்லதுதான்.

ரெண்டு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. ஒண்ணு, "யாரு பெருசு"ங்குற கேள்வி. பட்டிமன்றத்துக்கு அது சரி, ஒரு பக்கம் உக்காந்து கைதட்டலாம். ஒப்பீட்டுல அந்தக் கேள்வி வந்த உடனே கண்ணு மூடிடும், ஏன்னா தீர்ப்ப மொதல்ல எழுதிட்டு ஆதாரத்த பிறகு தேட ஆரம்பிச்சுடுவோம். வ.வே.சு. ஐயர் கம்பன வால்மீகியோடயும் ஹோமர் மில்டனோடயும் எல்லாம் ஒப்பிட்டு இங்கிலீஷ்ல ஒரு புக்கே எழுதினாரு, அவருக்குக் கம்பன் மேல அளவில்லாத காதல், அது படிக்கும்போதே தெரியும், ஆனாலும் அந்தக் காட்சி இந்தக் காட்சின்னு எடுத்து எடுத்து வைக்கிறாரு பாருங்க, அதனாலதான் இன்னைக்கும் அது நிக்குது.

இன்னொண்ணு, "இவர் மாத்திட்டார்"னு அவசரப்பட்டு எழுதுறது. இதுல நானே வழுக்கி விழுந்திருக்கேன். வால்மீகில அகலிகை கல்லாகுறதில்ல. யார் கண்ணுக்கும் தெரியாம, காத்த மட்டும் குடிச்சுக்கிட்டு, சாம்பல்ல படுத்து ஆயிரக்கணக்கான வருஷம் தவம் கிடக்கணும்ங்குறதுதான் அங்க சாபம். அதோட, வந்தது இந்திரன்னு தெரிஞ்சேதான் அவ சம்மதிச்சான்னு வால்மீகி வெளிப்படையா சொல்லிடுவாரு. கம்பன்ல கல். ஆக "கம்பர் இதைக் கல்லாக மாற்றினார்"னு நான் பல வருஷம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், நல்லா அழுத்தமா, டியூஷன் பசங்ககிட்டயெல்லாம். ஒரு நாள் சங்க இலக்கியத்துல ஒண்ணான பரிபாடல் படிக்கிறேன், பத்தொன்பதாவது பாட்டு, திருப்பரங்குன்றத்துக்கு சாமி கும்பிடப் போனவங்க அங்க இருக்குற சித்திரங்கள ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க, இது இந்திரன், பூனையா இருக்கான், இவ அகலிகை, இவன் வெளிய போன கவுதமன், அவன் கோபத்தால கல்லான கதை இதுன்னு. "இந்திரன் பூசை, இவள் அகலிகை"ன்னு வரும், பூசைன்னா பூனை. கம்பனுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே மதுரைப் பக்கம் ஜனங்க சுவத்துல அகலிகைய கல்லா பாத்துட்டு நின்னிருக்காங்க. கம்பன்ல இந்திரன் பூனையா மாறி நழுவப் பாப்பான், அந்தப் பூனைகூட கம்பனோடது இல்ல. எனக்கு மானம் போச்சு, போனா போகுது.

அதுல இருந்து நான் கத்துக்கிட்டது, ரெண்டு நூல் மட்டும் கையில இருக்கும்போது "மாத்தினார்"னு எழுதாம "வால்மீகியில் இப்படி, கம்பரில் இப்படி"ன்னு எழுதுறது. யார்கிட்ட இருந்து யார் எடுத்தாங்கன்னு சொல்லணும்னா அதுக்குத் தனியா தேடணும், வழில வாய்மொழிக் கதை இருக்கும், சிற்பம் இருக்கும், கூத்து இருக்கும். ஆனா புதுமைப்பித்தன் விஷயத்துல தாராளமா சொல்லலாம், ஏன்னா ராமாயணம் தெரிஞ்சவங்க படிக்கப்போற கதைன்னு நினைச்சுதான் எழுதுறேன்னு அவரே முன்குறிப்புல காட்டிட்டாரு.

வீட்ல சொல்லிக்குடுக்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. பசங்க கண்டுபுடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. எனக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அவர் அவன் விஷயத்த சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மூணு நாள் பொறுத்ததுக்கு, கால்ல விழற விஷயம் எனக்கே புதுசா கிடைச்சது, நான் எத்தனையோ தடவ படிச்சும் அத பாக்கல. பேப்பர்ல மூணு கட்டம் போட்டுக்குடுங்க, கணம், வார்த்தை, அதனால என்ன. மூணாவது கட்டம் காலியாவே ரெண்டு நாள் இருந்தாலும் பரவால்ல.

அசைன்மென்ட் குடுத்தாச்சு. ஆனா இப்ப அவளுக்கு வேற ஒண்ணு புடிச்சுக்கிச்சு. புதுமைப்பித்தன் அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1934ல, 'அகல்யை'ன்னு இன்னொரு கதை எழுதியிருக்காரு, அதே மூணு பேர்தான், ஆனா அதுல கௌதமன் சாபமே குடுக்கிறதில்ல, இந்திரனையும் மன்னிச்சு அனுப்பிடுறான், அவ தலைய தடவிக்கிட்டு, அந்த நேரம் உன் உடம்புகூடவா கல்லாயிடுச்சுங்குற மாதிரி ஒரு கேள்வி மட்டும் கேக்குறான். ஒரே ஆள், ஒரே அகலிகை, ஒரு கதைல கல்லு கேள்வியா வருது, இன்னொரு கதைல முடிவா வருது. "ஏன் சித்தி"ன்னு நேத்து கேட்டா. மூணு கட்டம் போட்டு அனுப்பியிருக்கேன்.